கேட்கத் தெரிந்தவர்கள்

நுழையும்முன்

கணக்கில் தடுமாறும்போது பிறரிடம் உதவி கேட்பது கற்றலின் ஒரு பகுதி. கேட்கும் முறையைப் பொறுத்தே கிடைக்கும் உதவியின் பயனும் அமைகிறது. 1654ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில், கடினமான ஒரு கணக்கின் பொருட்டு எழுதப்பட்ட மடல்கள் நிகழ்தகவு என்னும் கணிதத்துறைக்கு அடித்தளம் இட்டன. அம்மடல்களில் உதவி கேட்டவரும் உதவியவரும் நடந்துகொண்ட முறையை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

ஏமாற்றும் கணக்குகள்

நிகழ்தகவுக் கணக்குகளுக்குத் தனி இயல்பு ஒன்று உண்டு. ஏனைய கணக்குகளில் வழி தெரியாவிட்டால் பெரும்பாலும் எழுதுகோல் பாதியில் நின்றுவிடும். நிகழ்தகவில் தவறான வழியிலும் எழுதுகோல் தடையின்றி ஓடும். முடிவில் ஒரு விடையும் கிடைக்கும். அவ்விடை, பாடநூலின் இறுதியில் அச்சிடப்பட்டுள்ள விடையோடு பொருந்தாதபோதுதான் எங்கோ பிழை நேர்ந்திருப்பது தெரியவரும். பிழை நேர்ந்த இடமோ அப்போதும் தெரியாது. 'சரியாகத்தானே செய்தேன்' என்று மாணவர் திகைத்து நிற்பார்.

அந்நிலையில் அவருக்கு இரண்டு வழிகள் உள்ளன. நண்பரின் ஏட்டிலிருந்தோ கைப்பேசியிலிருந்தோ சரியான தீர்வைப் பார்த்து எழுதிக்கொள்வது ஒன்று. தாம் செய்ததைப் பிறரிடம் காட்டி, தவறிய இடத்தைக் கேட்டறிவது மற்றொன்று. முதல் வழியில் வீட்டுப்பாடம் முடிந்துவிடும். இரண்டாம் வழியில் என்ன கிடைக்கும் என்பதற்கு இத்துறையின் தொடக்கக்காலமே சான்றாக விளங்குகிறது.

நின்றுபோன ஆட்டம்

இருவர் ஓர் ஆட்டம் ஆடுகின்றனர். ஒவ்வொருவரும் 32 பொற்காசுகளைப் பணயமாக வைத்துள்ளனர். ஒவ்வொரு சுற்றிலும் இருவருக்கும் வெற்றி வாய்ப்பு சமம். முதலில் மூன்று சுற்றுகளை வெல்பவர் 64 காசுகளையும் பெறுவார். முதல் சுற்றை ஒருவர் வென்றிருக்கும் நிலையில், ஏதோ காரணத்தால் ஆட்டம் நின்றுவிடுகிறது. இப்போது அந்த 64 காசுகளை எவ்வாறு பிரிப்பது நேர்மையானது?

இத்தகைய வினா 1654இல் புதிதாக எழுந்ததன்று. இத்தாலியக் கணித அறிஞர் லூக்கா பாச்சியோலி, 1494இல் வெளியான தம் நூலிலேயே இதனை ஆராய்ந்துள்ளார். இருவரும் அதுவரை பெற்ற வெற்றிகளின் விகிதத்தில் பணத்தைப் பிரிக்கவேண்டும் என்பது அவர் கண்ட தீர்வு. மற்றோர் இத்தாலியரான தார்த்தாலியா 1556இல் இதனை மறுத்தார். ஒருவர் ஒரு சுற்றை வென்றுள்ளார். மற்றவர் எதனையும் வெல்லவில்லை. பாச்சியோலியின் விதிப்படி முதலாமவர் முழுத்தொகையையும் எடுத்துச்செல்வார். நெடிய ஆட்டமொன்றில் ஒரே ஒரு சுற்றை வென்றதற்காக எல்லாவற்றையும் கொடுத்துவிடுவது முறையாகுமா? தார்த்தாலியாவின் மறுப்பு வலிமையானது. ஆயினும், மாற்றாக அவர் முன்வைத்த விதியும் அனைவரையும் நிறைவுசெய்யவில்லை. இவ்வினா கணக்கால் தீர்வதைவிட வழக்குமன்றத்தில் தீர்வதற்கே உரியது என்று அவரே கருதினார்.

மெரேயின் வினா

பாரிசு நகரில் வாழ்ந்த அந்துவான் கொம்போ, செவாலியே தெ மெரே என்னும் பெயரால் அறியப்பட்டவர், எழுத்தாளர், உயர்குடியினரின் அவைகளில் பழகியவர். கணிதத்தைத் தொழிலாகக் கொண்டவரல்லர். நின்றுபோன ஆட்டத்தைப் பற்றிய வினாவையும் பகடை பற்றிய மற்றொரு வினாவையும் அவர் பிளேஸ் பாஸ்கல் என்னும் கணித அறிஞர்முன் வைத்தார்.

பகடை வினா இது: ஒரு பகடையை நான்கு முறை உருட்டினால், ஒரு முறையேனும் ஆறு விழுவதற்கான வாய்ப்பு பாதிக்கு மேல் உள்ளது. இரண்டு பகடைகளைச் சேர்த்து உருட்டும்போது இரண்டிலும் ஆறு விழவேண்டுமானால் எத்தனை முறை உருட்டவேண்டும்? ஒரு பகடைக்கு ஆறு முகங்கள். இரண்டு பகடைகளுக்கு 36 விளைவுகள். 6க்கு 4 எனில், 36க்கு 24. எனவே, 24 முறை போதும் என்று விகிதக் கணக்கு கூறுகிறது. ஆனால், 24 முறை உருட்டும்போது வாய்ப்பு பாதிக்குக் கீழேயே நின்றுவிடுகிறது. கணிதம் தனக்குத்தானே முரண்படுகிறதே என்று மெரே குறைப்பட்டுக்கொண்டார்.

இம்முரண்பாட்டுக்குக் காரணம் கணிதத்தில் இல்லை. விகிதத்தை அதற்குப் பொருந்தாத இடத்தில் பயன்படுத்தியதில் உள்ளது. வாய்ப்புகள் விகிதப்படி கூடிக்கொண்டே செல்லுமானால், ஒரு பகடையை ஆறு முறை உருட்டினால் ஆறு விழுவது உறுதியாகிவிடவேண்டும். அவ்வாறு நிகழ்வதில்லை என்பதைப் பகடை உருட்டிய சிறுவரும் அறிவர். ஆறு விழாமல் போகும் வாய்ப்புகளைப் பெருக்கிக் காண்பதே இங்கு உரிய வழி. நான்கு முறை உருட்டும்போது உண்டாகும் விளைவுகள் 1296. அவற்றுள் ஆறு ஒருமுறையும் விழாதவை 5×5×5×5, அதாவது 625. எஞ்சிய 671 விளைவுகளில் ஆறு விழுகிறது. இது பாதியைச் சற்றே தாண்டுகிறது. இரண்டு பகடைகளை 24 முறை உருட்டுவதற்கும் இவ்வாறே கணக்கிட்டால், வாய்ப்பு 100க்கு ஏறத்தாழ 49ஆக அமைகிறது. 25ஆம் முறையில்தான் அது பாதியைக் கடக்கிறது.

மெரே தம் வினாவைக் கேட்ட முறை கருதத்தக்கது. 'எத்தனை முறை உருட்டவேண்டும்?' என்று மட்டும் அவர் கேட்டிருந்தால், '25' என்னும் ஓர் எண்ணோடு உரையாடல் முடிந்திருக்கும். தம் விகிதக் கணக்கையும், அது பொருந்தாமல் போனதையும் சேர்த்தே அவர் முன்வைத்தார். ஆகவே, அவருடைய எண்ணம் எவ்விடத்தில் வழிதவறியது என்பதையும் காண முடிந்தது.

உதவி கேட்ட அறிஞர்

நின்றுபோன ஆட்டத்தின் கணக்கில் பாஸ்கல் தமக்கென ஒரு வழியைக் கண்டார். அப்போது அவருக்கு வயது 31. இளமையிலேயே வடிவியலில் ஆய்வுரை எழுதியவர். கணக்கிடும் பொறியை உருவாக்கியவர். அத்தகையவரும் தாம் கண்டதே முடிவு என்று இருந்துவிடவில்லை. ஏறத்தாழ அறுநூறு கிலோமீட்டர் தொலைவில், துலூஸ் நகரின் உயர்நீதி மன்றத்தில் பணியாற்றிய பியர் தெ ஃபெர்மாவுடன் மடல்வழி உரையாடினார். ஃபெர்மாவுக்குச் சட்டம் தொழில், கணிதம் விருப்பம். 1654ஆம் ஆண்டின் கோடையில் தொடங்கிய மடல்கள் அக்டோபர் வரை தொடர்ந்தன. அவற்றுள் தொடக்க மடல்கள் சில இன்று கிடைக்கவில்லை. எஞ்சியவை கணித வரலாற்றின் செல்வங்களாகப் போற்றப்படுகின்றன.

சூலை 29ஆம் நாள் எழுதிய மடலில் பாஸ்கல், தாம் நோயுற்றுப் படுக்கையில் இருந்தபோதும் எழுதாமல் இருக்க இயலவில்லை என்று குறிப்பிடுகிறார். ஃபெர்மாவின் வழி உறுதியானது என்று ஒப்புக்கொள்கிறார். எனினும், அதில் எண்ணும் உழைப்பு மிகுதி என்பதால் தாம் கண்ட சுருக்கவழியைப் படிப்படியாக விளக்குகிறார்.

பாஸ்கலின் வழி, ஆட்டத்தின் முடிவிலிருந்து பின்னோக்கி வருவது. ஒருவர் இரண்டு சுற்றுகளையும் மற்றவர் ஒரு சுற்றையும் வென்ற நிலையை முதலில் எடுத்துக்கொள்கிறார். அடுத்த சுற்றை முதலாமவர் வென்றால் 64 காசுகளும் அவருக்கே. தோற்றால் இருவரும் சமநிலை அடைவர், ஆளுக்கு 32. ஆகவே, வென்றாலும் தோற்றாலும் 32 காசுகள் முதலாமவருக்கு உறுதி. எஞ்சிய 32 காசுகளுக்கு இருவரின் வாய்ப்பும் சமம் என்பதால் அவற்றைப் பாதியாகப் பிரிக்கவேண்டும். முதலாமவருக்கு 48, மற்றவருக்கு 16.

அடுத்து, முதலாமவர் இரண்டு சுற்றுகளை வென்று மற்றவர் எதனையும் வெல்லாத நிலை. அடுத்த சுற்றில் வென்றால் 64. தோற்றால் முன்பு கண்ட நிலை, அதாவது 48. 48 உறுதி, எஞ்சிய 16இல் பாதி 8. ஆகவே, அவருக்கு 56, மற்றவருக்கு 8. இறுதியாக, முதலாமவர் ஒரு சுற்றை மட்டும் வென்ற நிலை. அடுத்த சுற்றில் வென்றால் 56. தோற்றால் சமநிலை, 32. இடையிலுள்ள 24இல் பாதி 12. எனவே, அவருக்கு உரியவை 44 காசுகள், மற்றவருக்கு 20.

பாச்சியோலியும் தார்த்தாலியாவும் ஆட்டத்தில் நடந்து முடிந்ததையே அடிப்படையாகக் கொண்டனர். பாஸ்கலோ இனி நடக்கக்கூடியதைப் பார்த்தார். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் தீராதிருந்த வினா இந்தப் பார்வை மாற்றத்தால் தீர்ந்தது.

இரு வழிகள், ஒரே விடை

ஃபெர்மாவும் இனி நடக்கக்கூடியதையே பார்த்தார். ஆயினும், அவர் சென்ற வழி வேறு. முதலாமவருக்கு இன்னும் இரண்டு வெற்றிகள் தேவை; மற்றவருக்கு மூன்று தேவை. எப்படி ஆடினாலும் நான்கு சுற்றுகளுக்குள் ஆட்டம் முடிந்துவிடும். நான்கு சுற்றுகளின் முடிவுகள் 16 வகையாக அமையலாம். அவற்றுள் முதலாமவர் இரண்டோ அதற்கு மேலோ வெல்பவை 11. மற்றவர் மூன்றோ நான்கோ வெல்பவை 5. ஆகவே, பணத்தை 11க்கு 5 என்னும் விகிதத்தில் பிரிக்கவேண்டும். 64 காசுகளில் 16இல் 11 பங்கு என்பது 44. பாஸ்கல் பின்னோக்கி நடந்து அடைந்ததும் இதே எண்தான்.

உண்மை, துலூஸிலும் பாரிசிலும் ஒன்றாகவே இருப்பதைக் கண்டு மகிழ்வதாகப் பாஸ்கல் தம் மடலில் எழுதினார். தனித்தனி வழிகளில் சென்ற இருவர் ஒரே இடத்தில் சந்திக்கும்போது, விடையின்மீது உண்டாகும் நம்பிக்கை பெரிது. ஒருவர் மற்றவரின் விடையைப் பார்த்து எழுதியிருந்தால் அந்த நம்பிக்கைக்கு இடமில்லை.

தெரிந்து தெளிவோம்

நான்கு சுற்றுகளின் முடிவுகளை ஈருறுப்புக் கெழுக்களைக் கொண்டும் எண்ணலாம். பாஸ்கல் முக்கோணத்தில் 1, 4, 6, 4, 1 என்னும் வரிசை உள்ளது. 1+4+6=11; 4+1=5. இத்தகைய எண் அடுக்கு பாஸ்கலுக்கு முன்பே பல நாடுகளில் அறியப்பட்டிருந்தது. இந்தியாவில் யாப்பிலக்கண ஆய்வின் வழியாக அது 'மேரு பிரஸ்தாரம்' என்னும் பெயரில் வழங்கியது.

ஐயமும் ஓர் உதவி

பாஸ்கல், ஃபெர்மாவின் வழியைப் பாரிசில் இருந்த கணிதப் பேராசிரியர் ரொபெர்வாலிடம் எடுத்துக்கூறினார். ரொபெர்வால் அதனை ஏற்கவில்லை. முதல் இரண்டு சுற்றுகளிலேயே முதலாமவர் வென்றுவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடுமே. ஆடப்படாத மூன்றாம், நான்காம் சுற்றுகளை எவ்வாறு கணக்கில் சேர்க்கலாம் என்பது அவர் எழுப்பிய தடை. இன்றும் இக்கணக்கை முதன்முதலில் காணும் மாணவர் பலருக்கு எழுவது இதே ஐயம்தான்.

பாஸ்கல் இதற்கு விடையளித்து, அந்த உரையாடலை ஆகத்து 24ஆம் நாள் மடலில் ஃபெர்மாவுக்குத் தெரிவித்தார். முதலாமவர் தமக்குத் தேவையான வெற்றிகளைப் பெற்றுவிட்ட பிறகும் இருவரும் பொழுதுபோக்காக நான்கு சுற்றுகளையும் ஆடி முடிப்பதாகக் கொள்வோம். அதனால் யாருடைய பங்கேனும் மாறுமா? மாறாது. மாறாதெனில் அவ்வாறு எண்ணுவதில் பிழையும் இல்லை. பிறிதொரு மடலில் ஃபெர்மா இதன் பயனை விளக்கினார்: எல்லா வாய்ப்புகளும் ஒரே அளவினவாய் அமைவதற்காகவே ஆட்டம் நீட்டப்படுகிறது. பின்னங்களைக் கூட்டுமுன் பகுதிகளைச் சமமாக்குவது போன்றது அது. ரொபெர்வால் தடை எழுப்பியிராவிட்டால் இவ்விளக்கம் இத்துணைத் தெளிவாக எழுத்தில் பதிந்திருக்குமா என்பது ஐயமே.

பிழை தெரிந்த இடம்

இம்மடல்களில் மிகவும் சுவையான பகுதி, மூவர் ஆடும் ஆட்டத்தைப் பற்றியது. முதலாமவருக்கு ஒரு வெற்றி தேவை; மற்ற இருவருக்கும் இரண்டிரண்டு தேவை. மூன்று சுற்றுகளுக்குள் ஆட்டம் முடியும், விளைவுகள் 27. தம் வழியில் கணக்கிட்ட பாஸ்கலுக்கு 17, 5, 5 என்னும் பங்குகள் கிடைத்தன. ஃபெர்மாவின் வழியில் எண்ணிப் பார்த்தபோதோ 16, ஐந்தரை, ஐந்தரை என வந்தது. ஃபெர்மாவின் வழி இருவர் ஆட்டத்துக்குப் பொருந்தும். மூவர் ஆட்டத்துக்குப் பொருந்தாது என்று பாஸ்கல் முடிவு செய்தார்.

அம்முடிவு தவறானது. 27 விளைவுகளுள் ஆறில், முதலாமவர் ஒரு வெற்றியும் மற்றொருவர் இரண்டு வெற்றிகளும் பெறுகின்றனர். இருவருமே தமக்குத் தேவையானதைப் பெற்றுவிட்டதாகக் கருதிய பாஸ்கல், அந்த ஆறு இடங்களிலும் பணத்தை இருவருக்கும் பாதியாகப் பிரித்தார். வெற்றிகள் எந்த வரிசையில் வந்தன என்பதை அவர் நோக்கவில்லை. இரண்டாமவர் முதல் இரண்டு சுற்றுகளையும் வென்றுவிட்டால் ஆட்டம் அவருக்கே உரியது. மூன்றாம் சுற்றில் முதலாமவர் வென்று பயனில்லை. முதலாமவரின் ஒரு வெற்றி முதல் சுற்றிலோ இரண்டாம் சுற்றிலோ வந்துவிட்டால் ஆட்டம் முதலாமவருக்கு உரியது. இவ்வாறு வரிசையைப் பார்த்தால் அந்த ஆறனுள் நான்கு முதலாமவருக்கும், ஒவ்வொன்று மற்ற இருவருக்கும் சேரும். அப்போது ஃபெர்மாவின் வழியிலும் 17, 5, 5 என்றே வருகிறது.

செப்டம்பர் 25ஆம் நாள் மடலில் ஃபெர்மா இதனைத் தெளிவுபடுத்தினார். அக்டோபர் 27ஆம் நாள் பாஸ்கல் அதனை மனநிறைவோடு ஏற்று, ஃபெர்மாவைப் பாராட்டி மறுமொழி எழுதினார். தம் வழியைக் குறைகூறியவர்மீது ஃபெர்மா சினம் கொள்ளவில்லை. தாம் குறைகூறியது தவறு என்று அறிந்ததும் பாஸ்கல் அதனை மறைக்கவுமில்லை.

இங்கு ஒன்று நினைக்கத்தக்கது. பாஸ்கல் தம் முடிவை மட்டும் எழுதி அனுப்பியிருந்தால், ஃபெர்மாவால் 'இது தவறு' என்று மட்டுமே கூற முடிந்திருக்கும். 27 விளைவுகளையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றிலும் யார் வென்றதாகக் கொண்டார் என்பதையும் குறித்து அனுப்பினார் பாஸ்கல். எனவேதான், பிழை நேர்ந்த இடத்தை விரல்வைத்துக் காட்ட ஃபெர்மாவால் இயன்றது.

மடல்களுக்குப் பின்

1660ஆம் ஆண்டில், இருவரும் பாதி வழியில் சந்திக்கலாம் என்று ஃபெர்மா அழைத்தார். கைத்தடியின்றி நடக்கவும் இயலாத நிலையில் இருந்த பாஸ்கலால் செல்ல முடியவில்லை. 1662இல் பாஸ்கலும் 1665இல் ஃபெர்மாவும் மறைந்தனர். ஆயினும், அவர்களுடைய எண்ணங்கள் மடல்களோடு நின்றுவிடவில்லை. பாரிசுக்கு வந்து இவ்வினாக்களைக் கேள்வியுற்ற டச்சு அறிஞர் கிறித்தியான் ஹைகன்ஸ், 1657இல் நிகழ்தகவு குறித்து ஒரு நூல் வெளியிட்டார். 1693இல் எட்மண்டு ஹேலி, பிரெஸ்லாவ் நகரின் பிறப்பு இறப்புப் பதிவுகளைக் கொண்டு ஆயுள் ஊதியத்தின் மதிப்பைக் கணக்கிட்டார். யாக்கோபு பெர்னோலியின் பெருநூல் 1713இல் வெளிவந்தது. சூதாட்டப் பலகையில் பிறந்த வினா, காப்பீடு, மருத்துவம், வானிலை என மக்கள் வாழ்வுக்குப் பயன்படும் துறைகளை நோக்கி நடந்தது.

வீட்டுப்பாடமும் உதவியும்

அம்மடல்கள் காட்டும் நெறி வகுப்பறைக்கும் உரியது. இரண்டு பகடைகளை உருட்டும்போது ஒன்றிலேனும் ஆறு விழுவதற்கான நிகழ்தகவைக் காண்க என்பது ஒரு வீட்டுப்பாடக் கணக்கு. மாணவி ஒருவர் ஆறில் ஒன்றையும் ஆறில் ஒன்றையும் கூட்டி, 36இல் 12 என்று விடை காண்கிறார். நூலில் உள்ள விடை 36இல் 11. 'இந்தக் கணக்கு எனக்கு வரவில்லை, செய்து காட்டுங்கள்' என்று அவர் ஆசிரியரிடம் கேட்கலாம், தீர்வு கிடைக்கும். 'எனக்கு 12 வருகிறது, ஐயா. ஒன்று எங்கே கூடியது?' என்றும் கேட்கலாம். இரண்டாவது கேள்வியைக் கேட்பதற்குள்ளேயே அவர் பாதி விடையை நெருங்கிவிடுகிறார். இரண்டு பகடைகளிலும் ஆறு விழும் அந்த ஒரே விளைவு, முதற்பகடைக்காக ஒரு முறையும் இரண்டாம் பகடைக்காக ஒரு முறையும் எண்ணப்பட்டிருப்பதை ஆசிரியர் சுட்டினால் போதும். சில வேளைகளில் அதுவும் வேண்டியதில்லை.

முதற்கேள்வியால் ஒரு கணக்கு முடிகிறது. இரண்டாவது கேள்வியால், ஒன்றையே இருமுறை எண்ணிவிடும் பிழை இனிவரும் கணக்குகளிலும் தவிர்க்கப்படுகிறது. தேர்வறையில் உடன் வருவது இரண்டாவதே. அடித்துத் திருத்திய ஏட்டைப் பிறரிடம் காட்ட மாணவர் பலர் கூசுகின்றனர். தவறான படிகளை அழித்துவிட்டு வெறுந்தாளோடு உதவி கேட்கின்றனர். உதவ வந்தவர்க்குத் தேவைப்படுவது அந்த அழிக்கப்பட்ட படிகளே. பாஸ்கல் தாம் எண்ணிய 27 வரிகளையும் அழிக்காமல் அனுப்பினார்.

கற்பவை கற்றபின்...

1. ஒருவர் இரண்டு சுற்றுகளையும் மற்றவர் ஒரு சுற்றையும் வென்ற நிலையில் ஆட்டம் நிற்கிறது. 64 காசுகளைப் பாஸ்கலின் வழியிலும் ஃபெர்மாவின் வழியிலும் பிரித்து, விடைகளை ஒப்பிடுக.

2. அண்மையில் உங்களுக்குத் தவறிய கணக்கு ஒன்றனை எடுத்துக்கொண்டு, உங்கள் படிகளையும் ஐயத்தையும் விளக்கி நண்பருக்கு மடல் எழுதுக.

3. 'உதவி கேட்பதும் ஒரு திறனே' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.